ஆர்டிஸின் பூட்டு

ஐம்பது அங்குலம். இந்த எண்ணை யார் வாயிலாவது கேட்டால் இன்றைக்கும் எனக்கு ரத்தம் தலைக்கு ஏறுகிறது. டிசம்பர் முதல் தேதியிலிருந்து ஏப்ரல் பதினைந்து வரை டோலிவர் காட்டு ரோட்டில் ஐம்பது அங்குலத்துக்கு மேல் அகலமான வண்டி போகக் கூடாது. அரசாங்கத்து ரோடு, எல்லாருக்கும் பொது, ஆனால் கேட் போட்டுப் பூட்டியிருக்கும். கேட்டுக்குப் பக்கத்தில் இரண்டு பாறைகளை உருட்டிவைத்து, நடுவில் ஸ்னோமொபைல் மட்டும் நுழைகிற அளவுக்கு இடைவெளி விட்டிருக்கிறார்கள். டேப் பிடித்து அளந்து விட்ட இடைவெளி. அதை அளக்கும்போது ஆர்டிஸ் ஹெய்க்கிலா என்று ஒருத்தி கேட்டுக்கு அந்தப் பக்கம் குடியிருக்கிறாள் என்பது ஒரு பயலுக்கும் ஞாபகம் வரவில்லை. எனக்கும் வரவில்லை. டேப்பின் இன்னொரு முனையைப் பிடித்துக்கொண்டு நின்றவன் நான்தான்.

என் பெயர் ராய்ஸ். டோலிவரில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறேன். ஐடஹோ மலையில் எங்கள் ஊரைவிடச் சின்ன ஊர்கள் உண்டு, ஆனால் எங்களைவிடச் சண்டை போடும் ஊர் இருக்குமா என்பது சந்தேகம். எங்கள் ஸ்னோமொபைல் சங்கத்துக்குப் பதினான்கு வருஷம் நான்தான் செயலாளராக இருந்தேன். ஆர்டிஸும் நானும் ஒரே வகுப்பில் படித்தவர்கள். மூன்றாம் வகுப்பில் என் மூக்கை உடைத்தாள். காரணம் நான்தான், அதனால் அதை விட்டுவிடுகிறேன்.

அவளுடைய அப்பா பின்லாந்துக்காரக் குடும்பம், மரம் வெட்டுகிறவர். அம்மா சீக்கிரமே போய்விட்டாள். பதினான்கு வயதில் ஆர்டிஸ் காட்டில் மரம் இழுக்கும் டிராக்டர் ஓட்டினாள். பதினெட்டில் மர ஆலையில் வேலைக்குச் சேர்ந்தாள். ஆலையை இழுத்து மூடியபோது ஊரில் பாதிப் பேர் மூட்டை கட்டினார்கள். அவள் நேராகச் சங்கத்துக்கு வந்து, "க்ரூமர் ஓட்ட ஆள் வேணும்னு போர்டு போட்டிருக்கீங்களே, போர்டைக் கழட்டுங்க" என்றாள். க்ரூமர் என்பது பன்னிரண்டடி அகலத்தில் ஒரு ராட்சச வண்டி. காட்டு ரோட்டில் விழுந்த பனியைச் சீவி, உடைத்து, அழுத்தி, மேசை மாதிரி சமமாக்கிக்கொண்டே போகும். அவள் அதை இருபத்திரண்டு குளிர்காலம் ஓட்டினாள்.

ஓட்டுவது பெரிய விஷயம் இல்லை. பனி தெரிய வேண்டும். கையுறையைக் கழற்றி ஒரு பிடி அள்ளிப் பிசைந்து பார்ப்பாள். "இன்னைக்கு வேணாம், மாவா இருக்கு, அழுத்தினாலும் நிக்காது" என்பாள். சமப்படுத்திய பிறகு ஆறு மணி நேரமாவது அதன்மேல் எதுவும் ஏறக் கூடாது, இறுகட்டும் என்பாள். அவள் போட்ட ரோட்டில் காப்பிக் கோப்பையை மடியில் வைத்துக்கொண்டு போகலாம் என்று எங்கள் ஆட்கள் பெருமை அடிப்பார்கள். அவளிடம் மட்டும் ஒருத்தன் வாய் திறந்து சொன்னதில்லை. அப்படிப்பட்ட ஊர் இது.

சக்கர வண்டிகளைக் கண்டால் அவளுக்கு ஆகாது. இதைச் சொல்லாமல் விட்டால் கதை பொய்யாகிவிடும். ஒரு மார்ச் மாதம், பகலில் பனி இளகியிருந்த நேரம், வெளியூர்ப் பையன்கள் நாலு பேர் பெரிய சக்கர வண்டியைக் கேட்டுக்குள் ஓட்டிக்கொண்டு போய் முழங்கால் ஆழத்துக்குத் தடம் போட்டார்கள். ராத்திரி அது இரும்பாக உறைந்தது. மறுநாள் அதில் ஒரு பெண்ணின் ஸ்னோமொபைல் கவிழ்ந்து காறை எலும்பு முறிந்தது. அடுத்த வாரம் அதே பையன்கள் வந்தபோது ஆர்டிஸ் க்ரூமரை ரோட்டுக்குக் குறுக்கே நிறுத்தி, எஞ்சினை அணைத்துவிட்டு, சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்தாள்.

"எப்பம்மா வண்டிய எடுப்ப?" என்று ஒருவன் கேட்டிருக்கிறான்.

"ஷெரிஃப் வந்ததும் எடுப்பேன். அதுக்குள்ள சாண்ட்விச் முடிஞ்சுட்டா, கேக் இருக்கு. அவசரமில்ல."

ஐம்பது அங்குல விதி வேண்டும் என்று பொதுக்கூட்டத்தில் முதலில் எழுந்து பேசியவளும் அவள்தான். சட்டத்தைப் போட்டவர்கள் அவளை நினைத்துப் போடவில்லை, அவளும் தன்னை நினைத்துக் கேட்கவில்லை. ரோடு கெடக் கூடாது, அவ்வளவுதான் அவளுக்கு.

அவள் புருஷன் வெண்டல், எங்களைவிடப் பத்து வயது மூத்தவர். சனிக்கிழமைச் சந்தையில் கன்றுக்குட்டி ஏலம் விடுகிறவர். அந்த மனுஷர் வாய் திறந்தால் நாலு மாவட்டத்து மாட்டுக்காரர்களும் கையைத் தூக்குவார்கள். ஏலம் முடிந்தும் வாய் முடியாது. என் கடைக்கு ஒரு ஆணி வாங்க வந்தால் அரை நாள் போய்விடும். "டேய் ராய்ஸு, இந்த ஆணிய வச்சு என்ன பண்ணப் போறேன்னு கேக்க மாட்டியா?" என்று தொடங்குவார். கேட்டால் தொலைந்தோம்.

அவர்கள் வீடு கேட்டுக்கு உள்ளே ஒன்பதாவது மைலில் இருக்கிறது. வெண்டலின் தாத்தா காலத்துச் சுரங்க நிலம், நாலு ஏக்கர், சுற்றிலும் அரசாங்கக் காடு. குளிர்காலத்தில் அவர்கள் வெளியே வர அந்த ரோட்டை விட்டால் வேறு வழி இல்லை. ஸ்னோமொபைலில் வந்து, கேட்டுக்கு வெளியே நிறுத்தியிருக்கும் பிக்கப்பில் ஊருக்கு வருவார்கள். முப்பது வருஷம் அப்படித்தான் ஓடியது.

பிறகு ஒரு பசு வெண்டலை வேலியோடு நசுக்கி இடுப்பை உடைத்தது. எலும்பைக் கம்பி வைத்துச் சேர்த்தார்கள். நடக்கிறார், ஆனால் ஸ்னோமொபைலில் காலைப் பரப்பி உட்கார முடியாது. குலுக்கலும் ஆகாது. ஆர்டிஸ் இரண்டு ஸ்னோமொபைலையும் விற்று, கதவும் ஹீட்டரும் வைத்த நாலு பேர் வண்டி ஒன்று வாங்கினாள். சக்கரத்தைக் கழற்றி நாலு பக்கமும் ரப்பர் பட்டை மாட்டினாள். பட்டை வண்டி பனியின் மேல் மெத்தென்று போகும், தடம் விழாது. அதைப் பார்த்து நானே "தங்கமான வண்டி" என்று சொன்னேன். என் கடையில் டேப் எடுத்து அளந்தாள். அறுபத்து நாலு அங்குலம்.

டேப்பை அவள் சுருட்டி வைத்தாள்.

வனத்துறை ரேஞ்ச் அலுவலகத்தில் அப்போது ஹாலோவே என்கிற அதிகாரி. கெட்டவன் என்று சொல்ல மாட்டேன், அதுதான் எரிச்சலே. கெட்டவனாக இருந்தால் திட்டிவிட்டுப் போகலாம். இவன் சிரித்துக்கொண்டே முடியாது என்பான்.

"மேடம், உங்க நிலைமை எனக்குப் புரியுது. ஆனா உங்களுக்கு விட்டா எல்லாரும் கேப்பாங்க."

"எல்லாரும் ஒன்பதாவது மைல்லயா குடியிருக்காங்க?"

"விதி அகலத்தைத்தான் பாக்குது மேடம், ஆளைப் பாக்கறதில்ல."

"பன்னெண்டடி அகல க்ரூமரை நான்தானே அதே ரோட்டுல ஓட்டறேன்? அதுல வெண்டல ஏத்திட்டு வரட்டுமா?"

"அது பராமரிப்பு வண்டி. அதுல பயணி ஏத்தக் கூடாது."

இதை அவள் என் கடையில் வந்து அப்படியே நடித்துக் காட்டியபோது நான் விழுந்து விழுந்து சிரித்தேன். சிரித்துவிட்டு, அதே வாரம் சங்கத் தலைவர் கர்ட் ஸ்டாக்வெல் சொன்னபடி அவளுக்கு எதிராகக் கடிதம் எழுதினேன். ஆமாம், நான்தான் எழுதினேன். "அகலமான வண்டிகளுக்கு விதிவிலக்குத் தந்தால் பாதை சீர்குலையும் என்று எங்கள் உறுப்பினர்கள் அஞ்சுகிறார்கள்." எங்கள் உறுப்பினர்கள் எதற்கும் அஞ்சுகிறவர்கள் இல்லை. பாய்சி நகரத்திலிருந்து வருகிற பணக்கார உறுப்பினர்களுக்குத் தங்கள் பாதையில் வேறு வண்டி கண்ணில் படக் கூடாது. கர்ட்டுக்கு அவர்கள் தயவு வேண்டும். எனக்குக் கர்ட்டோடு மல்லுக்கட்டத் தெம்பில்லை.

டாக்டர் கடிதம், வக்கீல் கடிதம், மூன்று பொதுக்கூட்டம் என்று ஆர்டிஸ் இரண்டு குளிர்காலம் போராடினாள். கடைசியில் அனுமதி வந்தது. அவள் ஒருத்திக்கு, அந்த ஒரு வண்டிக்கு, வீட்டுக்கும் கேட்டுக்கும் நடுவில் மட்டும். அன்று சாயங்காலமே கர்ட் சங்கத்தைக் கூட்டினார்.

"ஆர்டிஸ், தப்பா எடுத்துக்காத. அகல வண்டிக்காரியே நம்ம க்ரூமரையும் ஓட்டினா மத்த ஊர்ச் சங்கமெல்லாம் நம்மளப் பாத்துச் சிரிக்கும். ரெண்டுல ஒண்ணு வச்சுக்கோ."

"வெண்டல வச்சுக்கறேன்" என்றாள். சங்கத்து வயர்லெஸ்ஸை மேசையில் வைத்தாள், சங்கத்துப் பூட்டுச் சாவியை அதன்மேல் வைத்தாள். இருபத்திரண்டு வருஷத்துக்கு ஒரு நன்றி கூட நாங்கள் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய இடத்தில் உட்கார்ந்திருந்த செயலாளன் மினிட்ஸ் எழுதிக்கொண்டிருந்தான்.

வேறு யாரும் முன்வராததால் க்ரூமர் என் தலையில் விழுந்தது.

இப்போது பூட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் கேட்டில் ஒரே சாவியை எல்லாருக்கும் கொடுக்கும் வழக்கம் கிடையாது. கேட்டைச் சுற்றியிருக்கும் சங்கிலியின் இரண்டு முனைகளுக்கு நடுவே பூட்டுகளை ஒன்றோடொன்று கோத்து வைப்போம். முதலில் வனத்துறை பூட்டு, அதில் மின்சாரக் கம்பெனி பூட்டு, அதில் ஆர்டிஸின் பூட்டு, அதில் சங்கத்துப் பூட்டு. எவன் தன் பூட்டைத் திறந்தாலும் சங்கிலி விலகும், கேட் திறக்கும். மூடும்போது பக்கத்துப் பூட்டிலேயே திரும்பக் கோக்க வேண்டும். அதைத் தாண்டி அடுத்ததில் கோத்துவிட்டால் நடுவில் இருக்கும் பூட்டு வெறுமனே தொங்கும். அதன் சொந்தக்காரன் அதைத் திறந்தால் பூட்டு கையோடு வரும், கேட் திறக்காது. அதனால் இங்கே எல்லாருக்கும் ஒரு பழக்கம், மூடியதும் ஒவ்வொரு பூட்டையும் பிடித்து ஒரு இழு இழுத்துப் பார்க்க வேண்டும். ஆர்டிஸ் தன் பூட்டுக்குச் சிவப்புப் பெயிண்ட் வேறு அடித்து வைத்திருந்தாள்.

பிப்ரவரி ஒன்பதாம் தேதி விடியற்காலையில் க்ரூமரை வெளியே கொண்டுவந்து கேட்டை மூடினேன். பூஜ்யத்துக்குக் கீழே பதினெட்டு டிகிரி. டார்ச்சை வாயில் கவ்வியிருந்தேன். பூட்டெல்லாம் பனி மூடி வெள்ளைக் கட்டிகளாக இருந்தன. கைக்கு அகப்பட்டதில் கோத்தேன். இழுத்துப் பார்க்கவில்லை. ஷெட்டில் வண்டியை விட்டு, சாவியை வழக்கம்போல அதிலேயே விட்டு, வீட்டுக்கு வந்து படுத்தேன்.

அன்று காலை எட்டேகாலுக்கு வெண்டல் கோப்பையைக் கீழே போட்டார். ஆர்டிஸ் திரும்பிப் பார்த்தபோது வாய் ஒரு பக்கம் இழுத்திருந்தது, வலது கை விழுந்திருந்தது. பக்கவாதம். அதற்கு ஒரு ஊசி இருக்கிறது, நாலரை மணி நேரத்துக்குள் போட்டால் பேச்சும் கையும் திரும்ப வாய்ப்புண்டு. எங்கள் பக்கத்தில் இது எல்லாருக்கும் தெரியும், ஏனென்றால் ஊரிலிருந்து ஆஸ்பத்திரி ஒன்றேகால் மணி நேரத் தூரம். ஆர்டிஸ் கடிகாரத்தைப் பார்த்தாள். பன்னிரண்டே முக்கால் வரை நேரம் இருந்தது. அங்கே போன் எடுக்காது. வீட்டுக் கூரையில் இருக்கும் இன்டர்நெட் தட்டு பனியில் புதைந்து கிடந்தது. வயர்லெஸ்தான் ஆபத்துக்கு இருந்தது, அதை நாங்கள் பிடுங்கிக்கொண்டோம். கேட்டை ஒன்பதே முக்காலுக்குத் தாண்டினால் பதினொன்றரைக்கு ஆஸ்பத்திரி. அவரைப் போர்வையில் சுற்றி, தரையோடு இழுத்து, எப்படியோ பட்டை வண்டியில் ஏற்றினாள். வெண்டல் இருநூற்று நாற்பது பவுண்டு. அவள் அதில் பாதி.

ஒன்பதே முக்காலுக்குக் கேட்டுக்கு வந்துவிட்டாள். கணக்குப் போட்ட நேரத்துக்கு, நிமிஷம் பிசகாமல்.

பூட்டைத் திறந்தாள். பூட்டு கையோடு வந்தது. சங்கிலி அப்படியே இருந்தது.

முதலில் உறைந்திருக்கிறது என்று நினைத்துச் சங்கிலியைப் பிடித்து உலுக்கியிருக்கிறாள். பிறகு பனியைச் சுரண்டிப் பார்த்ததும் புரிந்தது. கோடாலியால் அடித்தாள், அது அரசாங்கச் சங்கிலி, மசியவில்லை. ஹாரன் அடித்தாள். புதன்கிழமைக் காலையில் அங்கே யார் இருப்பார்கள்? பாறை இடுக்கு ஐம்பது அங்குலம், வண்டி அறுபத்து நாலு. பதினாலு அங்குலத்துக்கு அந்தப் பக்கம் அவளுடைய பிக்கப் கண் முன்னால் நிற்கிறது. வெண்டலைத் தூக்கிக்கொண்டு போக முடியுமா என்று பார்த்தாள். அவரைச் சீட்டிலிருந்து அசைக்கக்கூட முடியவில்லை.

ஹீட்டரை ஓடவிட்டு, அவருக்குச் சீட் பெல்ட்டைப் போட்டு, க்ரூமர் ஷெட்டுக்கு இடுப்பளவு பனியில் நடந்தாள். குளிரில் டீசல் எஞ்சின் கால் மணி நேரம் முரண்டு பிடித்தது. அதைக் கிளப்பி, கொண்டுவந்து, முன்பக்கத் தகட்டை இறக்கி, கேட்டின் கம்பத்தில் இடி கொடுத்தாள். மூன்று முறை கொடுத்தாள். கம்பம் கான்கிரீட்டோடு பெயர்ந்து, சங்கிலி கேட் பக்கம் அறுந்து, கேட் மல்லாந்தது. அதற்குள் பத்தரை ஆகிவிட்டது.

தார் ரோட்டில் ரப்பர் பட்டை கிழியக் கிழிய ஆறு மைல் ஓட்டிக்கொண்டு என் கடை வாசலுக்கு வந்தாள். நான்தான் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டேன். வண்டிக் கதவைத் திறந்து "வெண்டல், நான் ராய்ஸு" என்றேன். அவர் என்னைப் பார்த்து ஒரு சத்தம் போட்டார். ஆர்டிஸ் என்னைப் பார்த்தாள். நேரம்தான் சொன்னாள், "பதினொண்ணாகப் போகுது."

ஆஸ்பத்திரியில் தலையை ஸ்கேன் எடுத்து முடித்தபோது மணி ஒன்று. நேரம் கடந்துவிட்டது, இனி அந்த ஊசியைப் போட்டால் மூளைக்குள் ரத்தம் கசியும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். கால் மணி நேரம்! கேட்டில் போனது முக்கால் மணி நேரம்.

அன்று மத்தியானம் க்ரூமரை எடுக்க நான் தனியாகத்தான் போனேன். கேட் பனியில் கிடந்தது. சிவப்புப் பூட்டு, சாவி செருகியபடி, தனியாக ஒரு பக்கம். அறுந்த சங்கிலியின் முனையில் மற்ற பூட்டுகள் கோத்தபடியே இருந்தன. எடுத்துப் பார்த்தேன். சங்கத்துப் பூட்டு மின்சாரக் கம்பெனிப் பூட்டில் கோத்திருந்தது. என் பூட்டு. என் கை.

அப்போது நான் செய்ததைச் சொல்கிறேன். திட்டுகிறவர்கள் திட்டலாம், எனக்கு வேண்டியதுதான். என் சாவியால் என் பூட்டைத் திறந்தேன். மின்சாரக் கம்பெனிப் பூட்டிலிருந்து அதைப் பிரித்தேன். தனித்தனியாகப் பனியில் போட்டேன். சங்கிலி அறுந்தபோது சிதறினதுபோல இருக்கட்டும் என்று கொஞ்சம் தள்ளித் தள்ளிப் போட்டேன். பிறகு வீட்டுக்கு வந்து என் மனைவி வைத்த மான்கறிச் சூப்பை இரண்டு கிண்ணம் குடித்தேன்.

ஊர் கொதித்தது. பாய்சிக்காரர்கள்தான் வேண்டுமென்றே பூட்டை மாற்றிக் கோத்தார்கள் என்று ஆளாளுக்குச் சத்தியம் செய்தார்கள். என் கடையில் நின்றுதான் செய்தார்கள். நான் ஆணி நிறுத்துக் கொடுத்துக்கொண்டே "இருக்கும், இருக்கும்" என்றேன். ஆர்டிஸுக்கு வனத்துறையிலிருந்து கடிதம் வந்தது. அரசாங்கச் சொத்தைச் சேதப்படுத்தியதற்கு விசாரணை, அதுவரை பட்டை வண்டி அனுமதி நிறுத்தம். வெண்டலை ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பத் தேதி குறித்துவிட்டார்கள். அனுமதி இல்லாவிட்டால் அவர் வீட்டுக்குப் போக முடியாது. ஏப்ரல் வரை எங்கோ ஒரு முதியோர் விடுதிக் கட்டிலில் கிடக்க வேண்டியதுதான்.

பதினோராம் நாள் தீயணைப்பு நிலையத்தில் கூட்டம். ஹாலோவே சுவரில் படம் போட்டுக் காட்டினான். பூட்டுகள் தனித்தனியாகப் பனியில் கிடக்கிற படம். நான் அடுக்கிவைத்த படம்.

"பூட்டுச் சங்கிலி தப்பா கோத்திருந்ததுக்கு எந்த ஆதாரமும் இல்ல. திருமதி ஹெய்க்கிலா பதட்டத்துல இருந்திருக்காங்க. அந்த நிலைமையில சாவியத் தப்பா போட்டிருக்கலாம், திறந்ததத் திறக்கலன்னு நினைச்சிருக்கலாம். யாருக்கும் நடக்கும். அவங்களக் குத்தம் சொல்லல."

இருபத்திரண்டு வருஷம் அந்தக் கேட்டை இருட்டிலும் புயலிலும் திறந்து மூடியவளைப் பார்த்து, சிரித்துக்கொண்டே சொன்னான். கர்ட் தலையை ஆட்டினார். "பாவம், வயசும் ஆகுதில்ல" என்று பின்னாலிருந்து ஒரு குரல். ஆர்டிஸ் முன்வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். திரும்பி, அத்தனை பேரையும் விட்டு, என்னைப் பார்த்தாள்.

எழுந்தேன். எழுந்தது நல்ல மனசால் இல்லை. அந்தப் பார்வையைத் தாங்க முடியவில்லை, அவ்வளவுதான்.

"பூட்டைத் தப்பா கோத்தது நான்" என்றேன். "இழுத்துப் பாக்கல. அப்புறம் போய்ப் பிரிச்சுப் போட்டதும் நான்தான். அந்தப் படத்துல இருக்கறதெல்லாம் என் வேலை. அவ சரியாத்தான் திறந்தா."

கர்ட் "உக்காருய்யா, என்ன உளர்ற?" என்றார்.

"நீ உக்காரு! அவகிட்ட வயர்லெஸ்ஸப் பிடுங்கினது யாரு? சாவியப் பிடுங்கினது யாரு? அந்தச் சாவி அவ கையில இருந்திருந்தா ஒரு நிமிஷத்துல வெளிய வந்திருப்பா. நீ சொன்ன, நான் எழுதினேன். பாய்சிக்காரன் பாய்சிக்காரன்னு பதினோரு நாளா கூவறீங்களே, அவனுங்க யாரும் அன்னைக்கு இந்தப் பக்கமே வரல. நாமதான். இந்த ரூம்ல இருக்கறவங்கதான்."

ஹாலோவே தொண்டையைச் செருமினான். "இது புதுத் தகவல். பதிவு பண்ணிக்கறோம். ஆனா மறுபரிசீலனை முடியற வரைக்கும் அனுமதி நிறுத்தம் தொடரும். நடைமுறைன்னு ஒண்ணு இருக்கு."

அப்போதுதான் ஆர்டிஸ் எழுந்தாள். கோட்டை மாட்டிக்கொண்டாள்.

"புதன்கிழமை வெண்டலக் கூட்டிட்டு வீட்டுக்குப் போறேன். கேட் இப்ப இல்ல. அதுக்குள்ள புதுசு போடறதா இருந்தா போடு. அதையும் தள்ளிட்டுத்தான் போவேன். உன் நடைமுறைய ஓரமா நிக்கச் சொல்லு."

வெளியே அவள் பிக்கப்புக்குப் பக்கத்தில் அவளைப் பிடித்தேன். "ஆர்டிஸ், எனக்கு என்ன சொல்றதுன்னு..."

"கேட்டுலயே பாத்தேன். உன் பூட்டு, பக்கத்துல என்னோடது தொங்குது. வேற யாரு?"

"அப்ப ஏன் சொல்லல?"

"நான் சொன்னா பொம்பள பழி போடறான்னுவீங்க. உன் வாயிலேர்ந்து வரட்டும்னு இருந்தேன்." கதவைத் திறந்தாள். "பதினோரு நாள் ஆச்சு உனக்கு. மன்னிச்சுட்டேன்னு நினைச்சுக்காத. புதன்கிழமை ரோடு சமமா இருக்கணும். அவர் தலை குலுங்கக் கூடாது."

சங்கம் என்னைச் செயலாளர் பதவியிலிருந்து தூக்கியது. க்ரூமரிலிருந்து தூக்கவில்லை, வேறு ஆள் கிடைக்கவில்லை. செவ்வாய்க்கிழமை மத்தியானம் தொடங்கி இரண்டு நடை போனேன். கையுறையைக் கழற்றிப் பனியைப் பிசைந்து பார்த்தேன். ஒன்பதாவது மைல் வரை ஒரு மேடு, ஒரு பள்ளம் விடவில்லை. ஆறு மணி நேரம் இறுகவிட்டேன். ஹாலோவே கேட் போடவில்லை. ஆள் வந்து பார்க்கவும் இல்லை. அவ்வளவு சுலபமாக விடக்கூடிய விஷயத்துக்குத்தான் இரண்டு குளிர்காலம் அவளை இழுத்தடித்தார்கள்!

புதன்கிழமை பதினோரு மணிக்குப் பட்டை வண்டி வந்தது. நான் நாலாவது மைலில் க்ரூமரை ஓரம் கட்டி, இறங்கி, தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றேன். அவள் நிற்காமல் போய்விடுவாள் என்றுதான் நினைத்தேன். நின்றாள். வெண்டல் பக்கத்துக் கண்ணாடியை இறக்கினாள்.

வெண்டல் என்னைப் பார்த்தார். அடையாளம் தெரிந்தது, கண் மலர்ந்தது. வாயைத் திறந்தார். உள்ளே எங்கிருந்தோ ஒரு நீளமான சத்தம் வந்தது, உடைந்தது, மறுபடி தொடங்கியது. இடது கையைத் தூக்கி ரோட்டைக் காட்டினாரா, என்னைக் காட்டினாரா, எனக்குப் புரியவில்லை. முழுசாக ஏதோ சொல்கிறார், நடுவில் சிரிக்கக்கூடச் செய்கிறார், ஒரு வார்த்தை கூட வரவில்லை.

நான் ஆர்டிஸைப் பார்த்தேன். "என்ன சொல்றாரு?"

"தெரியல" என்றாள். எஞ்சினை அணைத்தாள். "நான் தினமும் கேக்கறேன். நீயும் நின்னு கேளு."